அவன் எப்படித் தோற்கிறான்? ஒரு டாக்கிளை எடைபோடும் விதம்

கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட், 2025இல் நடப்பதற்கு முன்பு, இண்டியானாபொலிஸ் நகரில் ஓர் இளைஞரின் கையை அளந்தார்கள். தோள் முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை 32 5/8 அங்குலம். சில வாரங்கள் கழித்து, அவர் ஆடிய பல்கலைக்கழக வளாகத்திலேயே மறுபடி அளந்தபோது 33 அங்குலம் வந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர்கூட முழுதாக இல்லை. அந்தத் துக்கடாவை வைத்துக்கொண்டு அமெரிக்கக் கால்பந்து உலகம் இரண்டு மாதம் பேசித் தீர்த்தது.

கைக்குச் சொந்தக்காரர் வில் கேம்ப்பெல். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இடது டாக்கிள். 6 அடி 6 அங்குல உயரம், ஏறத்தாழ 145 கிலோ எடை. கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆண்டிலேயே அந்த இடத்தைப் பிடித்து மூன்று பருவம் விடாமல் ஆடியவர். இவ்வளவு இருந்தும், ‘இந்தக் கையை வைத்துக்கொண்டு தொழில்முறை ஆட்டத்தில் டாக்கிளாக நிற்க முடியுமா, இல்லை உள்ளே தள்ளி கார்டாக ஆட வைக்க வேண்டுமா?’ என்ற கேள்வி அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது.

கேள்வி அபத்தமாகத் தெரியலாம். பாதி அபத்தம்தான். மீதிப் பாதியில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் பிடிக்க, இந்த டாக்கிள் என்ன வேலை பார்க்கிறார் என்று முதலில் பார்த்துவிடலாம்.

பந்து கையிலிருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து மலைகள் நிற்கும். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், இரண்டு ஓரங்களிலும் டாக்கிள்கள். பந்தை எறியப்போகும் குவார்ட்டர்பேக்குக்கு இரண்டரை, மூன்று விநாடி வாங்கித் தருவதுதான் இவர்களுடைய முக்கியமான வேலை. உள்ளே நிற்கும் மூவருக்கும் பக்கத்தில் துணை உண்டு. டாக்கிளின் வெளிப்பக்கம் வெட்டவெளி. எதிரே நிற்பவரோ எட்ஜ் ரஷர், குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க ஓரத்திலிருந்து பாய்பவர், அணியிலேயே அதிக வேகமும் பலமும் ஒன்றாகச் சேர்ந்த ஆள். அவர் முன்னோக்கிப் பாய்கிறார், டாக்கிள் பின்னோக்கி நகர்ந்தபடி அவரை மறிக்க வேண்டும். முன்னால் ஓடுகிறவனை, பின்னால் போகிறவன் தோற்கடிக்க வேண்டிய விசித்திரமான பந்தயம் இது. நன்றாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், நம்மூர் விக்கெட் கீப்பரைப் போல. ஒரு தடவை நழுவவிட்டால் ஊரே பார்க்கும்.

நழுவினால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோரும் காட்டும் நாள் 1985 நவம்பர் 18. வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தீஸ்மனை, நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் வீழ்த்தினார். கால் எலும்பு முறிந்தது, தீஸ்மன் அதற்குப் பிறகு ஆடவேயில்லை. வலது கைக்காரர் எறியத் திரும்பும்போது இடதுபுறம் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும், அங்கிருந்து வரும் ஆபத்து கண்ணில் படாது. இடது டாக்கிளின் விலை ஏறியதற்கு டெய்லரும் அவரைப் போன்றவர்களும் ஒரு காரணம். இன்றைக்கு ரஷர்களை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நிறுத்துகிறார்கள், வலது டாக்கிளும் அதே புயலைத்தான் சந்திக்கிறார். ஆனாலும் பழைய மரியாதை இடதுபுறத்தை விட்டு முழுதாகப் போகவில்லை.

கை விவகாரத்துக்கும் ஒரு தேதி உண்டு. எறியும் ஆட்டத்தில் மறிப்பவர்கள் கையை முழுதாக நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தள்ளலாம் என்று 1978இல் விதியைத் தளர்த்தினார்கள். கையை மார்போடு ஒட்டி வைத்துத் தோளால் முட்டிய காலத்தில் கையின் நீளம் ஒரு பெரிய சொத்தாக இருந்திருக்க வழியில்லை. நீட்டலாம் என்று ஆனபின், யாருடைய உள்ளங்கை முதலில் அடுத்தவர் மார்பில் பதிகிறதோ அவர் கையில் லகான். நீளக் கைக்காரர் தவறாகக் கால் வைத்துவிட்டாலும் எட்டிப் பிடித்துச் சமாளிக்கலாம். கை குட்டையானவருக்கு அந்தச் சலுகை இல்லை, காலும் நேரக்கணக்கும் ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தாக வேண்டும். 34 அங்குலம் இருந்தால், அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் நிம்மதியாகத் தூங்குவார்கள், 33க்குக் கீழே போனால் நெற்றி சுருங்கும்.

ஆனால் ஜோ தாமஸ் என்று ஒருவர் இருந்தார். கை 32 1/2 அங்குலம். கேம்ப்பெலின் முதல் அளவைவிடவும் குறைவு. 2007இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அவரை மூன்றாவதாகத் தேர்ந்தெடுத்தபோது, அவர் விழா மேடைக்குப் போகாமல் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அதன்பின் ஒரு ஆட்டத்தைக்கூட, ஒரு ஸ்நாப்பைக்கூட (சென்டர் பந்தைப் பின்னுக்குக் கொடுத்து ஒவ்வொரு முறை ஆட்டத்தைத் தொடங்குவதும் ஒரு ஸ்நாப்) விடாமல், தொடர்ந்து 10,363 ஸ்நாப்கள். 2023இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மன்றத்தில் இடம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ரஷான் ஸ்லேட்டருக்கும் 33 அங்குலம்தான். அவரையும் கார்டு என்றார்கள். 2021இல் 13ஆவதாக சார்ஜர்ஸ் எடுத்து இடது டாக்கிளாகவே நிறுத்தியது, முதல் ஆண்டிலேயே ப்ரோ பௌல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு. இவர்கள் விதிவிலக்குகள் என்று ஒரு கட்சி சொல்லும். விதிவிலக்குகளிடம் பொதுவாக என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும் என்று இன்னொரு கட்சி சொல்லும். நான் இரண்டாவது கட்சி. தாமஸிடமும் ஸ்லேட்டரிடமும் பொதுவாக இருந்தது கால்கள்.

அதனால் டேப் அளவையோடு நின்றுவிட்டால் ஆள் தெரியாது. இண்டியானாபொலிஸில் கம்பைன் என்று நடக்கும் அந்தச் சோதனை வாரத்தில் இன்னும் எத்தனையோ அளக்கிறார்கள்: 40 கஜம் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து எகிறுவது, நீளம் தாண்டுவது, கூம்புகளைச் சுற்றி ஓடுவது, 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறார் என்பது. டாக்கிளுக்கு 40 கஜம் எதற்கு, அவர் எந்த ஆட்டத்தில் அவ்வளவு தூரம் ஓடப்போகிறார் என்று கேட்டால் நியாயம்தான். ஸ்கவுட்டுகள் அந்த ஓட்டத்தில் பார்ப்பது முதல் 10 கஜத்தை. உடம்பு எவ்வளவு சீக்கிரம் வெடித்துக் கிளம்புகிறது என்பதற்கு அது ஒரு கணக்கு. எடை தூக்குவதைப் பற்றி எனக்கு அவ்வளவு மதிப்பில்லை. மல்லாக்கப் படுத்துக்கொண்டு தள்ளுவது ஒன்று, ஒருவர் மார்பில் மோதும்போது தரையில் கால் ஊன்றித் தள்ளுவது வேறு. போதாக்குறைக்கு, நீளக் கைக்காரர் அதே எடையை அதிக தூரம் தூக்க வேண்டியிருக்கிறது. நாம் விரும்பும் கையையே தண்டிக்கும் சோதனை.

எண்கள் ஆளைக் காட்டிக்கொடுத்த கதையும் உண்டு, காலை வாரிய கதையும் உண்டு. 2013இல் ஆர்கன்சாஸ்-பைன் பிளஃப் என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்த டெரான் ஆர்ம்ஸ்டெட் 40 கஜத்தை 4.71 விநாடியில் ஓடினார். அந்த உடம்புக்கு நம்ப முடியாத வேகம். மூன்றாம் சுற்றில் அவரை எடுத்த செயின்ட்ஸுக்குப் பல ஆண்டுகள் கவலையில்லாத இடது டாக்கிள் கிடைத்தார். மறுபக்கம் 2018இல் ஒக்லஹோமாவின் ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர். 40 கஜம் 5.85 விநாடி, எடை தூக்கியது 14 தடவை, எகிறியது 19.5 அங்குலம். பார்த்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். முதல் சுற்றுக்கு வரவேண்டியவர் 83ஆவது இடத்துக்குச் சரிந்தார். பிறகு பலமுறை ப்ரோ பௌலுக்குத் தேர்வானார், கான்சாஸ் சிட்டியின் இடது டாக்கிளாக, பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலும் ஜெயித்தார். அவர் உடம்பின் அகலத்தையும் கையின் நீளத்தையும் சுற்றிக்கொண்டு போவதற்குள் மூன்று விநாடி முடிந்துவிடும், அவ்வளவுதான் சூட்சுமம். அது ஸ்டாப்வாட்சில் தெரியாது, ஆட்டத்தின் படத்தில் தெரியும்.

உடம்பைப் பார்த்து மயங்கியதற்கு மூத்த உதாரணம் 1989. மிச்சிகன் ஸ்டேட்டின் டோனி மாண்டரிச்சைப் பார்த்து நாடே வாய் பிளந்தது. கிரீன் பே இரண்டாவதாக எடுத்தது. அந்த டிராஃப்டில் முதல் ஐந்து பேரில் மற்ற நால்வரும், ட்ராய் எய்க்மன், பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ், ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். மாண்டரிச் தேறவில்லை. கல்லூரி நாட்களில் ஸ்டீராய்டு எடுத்ததைப் பல ஆண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்.

சரி, படத்தில் என்ன பார்க்கிறார்கள்? தொலைக்காட்சி ஒளிபரப்பு இதற்கு உதவாது. கேமரா பந்தின் பின்னால் போய்விடும், டாக்கிள் பாதியில் சட்டகத்தை விட்டு மறைந்துவிடுவார். அணிகள் பார்ப்பது மைதானத்தின் உச்சியிலிருந்து 22 பேரையும் காட்டும் படத்தையும், கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த படத்தையும். முன்வரிசைக்காரர்களைப் பார்க்க இந்த இரண்டாவது கோணம்தான் உயிர். கால்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, கை உள்ளே போகிறதா, வெளியே தோளைப் பிடிக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் ஜெயித்த ஸ்நாப்களைத் தேடுவார்கள். ஒருவரைத் தூக்கிப்போட்டு மேலே விழும் காட்சி நன்றாகத்தான் இருக்கும், வெட்டி ஒட்டிய வீடியோக்கள் முழுக்க அதுதான். தேர்ந்தவர்கள் தோற்ற ஸ்நாப்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். கல்லூரியில் ஒரு பருவத்தில் பல நூறு தடவை மறிக்கும் நல்ல டாக்கிள் ஒருவர் மோசமாகத் தோற்பது சில தடவைதான். அந்தச் சிலவற்றில்தான் அவருடைய எதிர்காலம் எழுதியிருக்கும். ஏனென்றால் தோல்விகளில் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடுவது ஒரு ஜாதி, எலும்போடு பிறந்தது இன்னொரு ஜாதி.

ரஷர் வெளிப்பக்கம் வேகமாக வளைந்து போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். டாக்கிள் பின்வாங்கும் நடைக்கு கிக் ஸ்லைடு என்று பெயர்: வெளிக்கால் பின்னால் உதைக்கும், உள்கால் தரையை உரசியபடி தொடரும். அந்த உதை ஆழமாகப் போகாமல் தோற்றாரென்றால் பயிற்சியாளர் ஒரு கோடையில் திருத்திவிடலாம். ஆனால் ஆழமாக உதைத்தும் எட்டவில்லை, கடைசி அடியில் கால்கள் பின்னிக்கொள்கின்றன, திரும்பி ஓடுகிறார் என்றால் அது வேகக் குறைவு. அதற்கு மருந்தில்லை. இன்னொருவர் வெளிப்பக்கத்துக்குப் பயந்து பயந்து அதிகம் விலகிப் போவார். ரஷர் அதைப் பார்த்துவிட்டு ஒரே எட்டில் உள்பக்கம் வெட்டி நேராகக் குவார்ட்டர்பேக்கிடம் போய்விடுவார். பார்வைக்கு இதுதான் அசிங்கமான தோல்வி. ஆனால் பெரும்பாலும் தன் கால்மேல் நம்பிக்கையில்லாததன் அறிகுறி இது, நோய் வேறிடத்தில் இருக்கிறது.

அப்புறம் புல் ரஷ். ரஷர் சுற்றி வளைக்காமல் நேராக மார்பில் மோதித் தள்ளிக்கொண்டே வருவது. இங்கே பார்க்க வேண்டியது முழங்கால். முழங்காலை மடக்கி உட்காருகிறவர் இரண்டடி பின்னால் போனாலும் எங்கேயோ ஊன்றி நின்றுவிடுவார், இதைத்தான் ஆங்கர் என்கிறார்கள். முழங்காலுக்குப் பதில் இடுப்பில் வளைகிறவர் தலையைக் கொடுத்துவிட்டுக் கவிழ்வார். கணுக்காலும் இடுப்பும் இறுகிப்போன உடம்பு உட்காராது. 22 வயதில் அதை மாற்றிய கதைகள் குறைவு. கை தாமதமாக வருவது, கையை அகலமாக வீசுவது எல்லாம் அப்படியில்லை, அவை பழக்கங்கள். கேம்ப்பெலின் கேள்வியை நான் இந்த இடத்தில்தான் வைப்பேன். கை குட்டை என்பது ஒரு தகவல். கை குட்டையாக இருப்பதால் தோற்கிறாரா, எத்தனை தடவை, யாரிடம் என்பதுதான் மதிப்பீடு.

நான்காவது ஒரு தோல்வி உடம்புக்குச் சம்பந்தமே இல்லாதது. எதிரணியில் இருவர் குறுக்கே இடம் மாறிப் பாய்வார்கள். டாக்கிள் தன் ஆளை கார்டிடம் ஒப்படைத்துவிட்டு, சுற்றி வருகிறவரை வாங்கிக்கொள்ள வேண்டும். பார்வை தன் ஆளிலேயே ஒட்டிக்கொண்டால் நடுவில் கதவு திறந்துவிடும். இதைப் படத்தில் பார்த்தாலும், தப்பு டாக்கிளுடையதா கார்டுடையதா என்று வெளியாள் அடித்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் நேர்காணலில் வெள்ளைப் பலகை முன்னால் நிற்கவைத்து, அந்த ஆட்டத்தில் உன் பொறுப்பு என்ன என்று வரைந்து காட்டச் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு பொறியைச் சொல்லிவிட வேண்டும்: ‘இந்தப் பருவத்தில் ஒரு சாக்கைக்கூட விடவில்லை’ என்ற வாக்கியம். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் வீழ்த்தப்படுவதுதான் சாக். கல்லூரி ஆட்டத்தில் பந்து ஒன்றரை விநாடியில் கையை விட்டுப் போகும் திட்டங்கள் நிறைய. ரஷரின் தோளில் போகிற போக்கில் ஒரு இடி இடித்துவிட்டுப் போக டைட் எண்ட் என்ற இன்னொரு வீரர் பக்கத்தில் இருப்பார். ஓடப்போவதுபோல் ஏமாற்றும் ஆட்டங்களில் ரஷரே தயங்கி நிற்பார். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு, டாக்கிள் தனியாக, நிஜமாகவே மூன்று விநாடி நின்ற ஸ்நாப்களை மட்டும் எண்ண வேண்டும். அதிலும் எதிரே நின்றவர் நாளை தொழில்முறையில் ஆடப்போகிறவரா என்று பார்க்க வேண்டும். ஸ்லேட்டர் 2020 பருவம் ஆடவேயில்லை. ஆனால் 2019இல் ஒஹாயோ ஸ்டேட்டின் சேஸ் யங்குக்கு எதிரே அவர் நின்ற படத்தை எல்லோரும் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு ஆட்டம் பத்து ஆட்டத்துக்குச் சமம்.

படமே போதாத ஆட்களும் வருவார்கள். 2024இல் ஜார்ஜியாவின் அமாரியஸ் மிம்ஸ் கல்லூரியில் மொத்தமே எட்டு ஆட்டங்களைத்தான் தொடக்க வீரராக ஆடியிருந்தார். 6 அடி 8 அங்குலம், 36 அங்குலத்துக்கும் மேல் கை. சின்சினாட்டி 18ஆவதாக எடுத்தது. எட்டு ஆட்டத்தில் எத்தனை தோல்வியைப் பார்த்துவிட முடியும்? இதற்குத் துணிய ஒரு பயிற்சியாளர் மேல் நம்பிக்கை வேண்டும், அடுத்த ஆண்டும் வேலையில் இருப்போம் என்ற நம்பிக்கையும் வேண்டும். இதை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை.

இவ்வளவு பார்த்தும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதற்கு 2020ஐவிட நல்ல பாடம் கிடையாது. முதல் 13 இடங்களில் நான்கு டாக்கிள்கள். நான்காவதாக ஜார்ஜியாவின் ஆண்ட்ரூ தாமஸ், பத்தாவதாக அலபாமாவின் ஜெட்ரிக் வில்ஸ், பதினொன்றாவதாக லூயிவில்லின் மெக்காய் பெக்டன், பதின்மூன்றாவதாக ஐயோவாவின் டிரிஸ்டன் வர்ஃப்ஸ்.

கம்பைனில் மின்னியவர் வர்ஃப்ஸ். 145 கிலோ எடையோடு 4.85 விநாடி, எகிறியது 36.5 அங்குலம். பெக்டன் 165 கிலோவைச் சுமந்துகொண்டு 5.10 விநாடியில் ஓடினார், அது வேறு வகை அதிசயம். வர்ஃப்ஸ் ஏன் நால்வரில் கடைசியாகப் போனார்? ஐயோவாவில் அவர் பெரும்பாலும் வலதுபுறம் ஆடியவர், இடதுபுறத்துக்குச் சரிப்பட்டு வருவாரா என்ற தயக்கம் இருந்தது. வில்ஸும் வலதுபுறம்தான். ஆனால் அலபாமாவின் குவார்ட்டர்பேக் துவா டாகோவைலோவா இடது கைக்காரர், ஆகவே அங்கே வலதுபுறம்தான் முதுகுப்புறம் என்று அவருக்கு ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. கேட்க நன்றாகவே இருந்தது.

நடந்தது இது. வர்ஃப்ஸ் முதல் ஆண்டே டாம்பா பே அணியோடு சூப்பர் பௌல் ஜெயித்தார், 2021இல் வலது டாக்கிளாக ஆல்-ப்ரோ (ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல்) முதல் அணி, 2023இல் இடதுபுறம் மாறி, 2024இல் அங்கேயும் ஆல்-ப்ரோ முதல் அணி. ஆண்ட்ரூ தாமஸ் முதல் பருவத்தில் திணறியதைப் பார்த்து நியூயார்க்கில் கரித்துக் கொட்டினார்கள். 2022இல் ஆல்-ப்ரோ இரண்டாம் அணிக்கு வந்துவிட்டார். வில்ஸ் கிளீவ்லண்டில் இடதுபுறம் மாற்றப்பட்டார், நிலைக்கவில்லை, பின்னால் முழங்கால் காயங்களும் சேர்ந்துகொண்டன. பெக்டனுக்கு 2021 முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது, 2022 முழுப் பருவமும் அதே முழங்காலால் போனது.

இதில் எதை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்? வர்ஃப்ஸைச் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். இடதா வலதா என்பது பழக்கம், அவருடைய இடுப்பும் கணுக்காலும் பழக்கம் அல்ல. தாமஸின் தடுமாற்றத்தில் பெரும்பங்கு கால் வைக்கும் முறையும் கையின் நேரமும், திருந்தக்கூடிய ஜாதி. பெக்டனின் முழங்காலை எந்தப் படத்திலும் பார்த்திருக்க முடியாது. கம்பைன் என்ற ஏற்பாடே முதலில் மருத்துவர்களுக்காகத்தான் தொடங்கியது, ஸ்டாப்வாட்செல்லாம் அப்புறம். ஆனாலும் 165 கிலோவை இரண்டு முழங்கால் எத்தனை பருவம் தாங்கும் என்று எந்த ஸ்கேனும் சொன்னதில்லை.

நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 2025 ஏப்ரல் 24 அன்று கேம்ப்பெலை நான்காவதாக எடுத்து, இடது டாக்கிளாகவே நிறுத்தியது. ஐபிஎல் ஏலம்போல் விலை பேச இங்கே இடமில்லை. அதிகம் தோற்ற அணி முதலில் தேர்வு செய்யும், சம்பளம் இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ முன்பே முடிவாகியிருக்கும். ஆகவே அணிக்கு மிஞ்சுவது ஒரே கேள்வி: ஆளா, கையா? அவர்களிடம் ட்ரேக் மே என்ற இளம் குவார்ட்டர்பேக் இருந்தார், அவர் முதுகுப்புறத்தைக் காக்க ஆள் இல்லை. நல்ல டாக்கிள் வெளிச்சந்தையில் அபூர்வமாகத்தான் வருவார், வைத்திருப்பவர்கள் விடமாட்டார்கள். தேவை இவ்வளவு இருக்கும்போது ஒரு சென்டிமீட்டர் சுருங்கித்தான் போகும். சரிப்படாவிட்டால் கார்டாக மாற்றிக்கொள்ளலாம் என்ற பின்கதவும் உண்டு, நான்காவது இடத்தை ஒரு கார்டுக்குக் கொடுத்தோம் என்று ஒப்புக்கொள்ள மனசு வர வேண்டும், அவ்வளவே.

அதற்குச் சில மாதம் முன்பு, 2025 பிப்ரவரி 9 அன்று, நமக்குத் திங்கட்கிழமை அதிகாலை, நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பௌல். பிலடெல்பியா ஈகிள்ஸ் 40-22 என்று கான்சாஸ் சிட்டியை வென்றது. அந்த அணியின் வலது டாக்கிள் லேன் ஜான்சன், 2013இல் நான்காவதாக எடுக்கப்பட்டவர். அவர் கல்லூரி வாழ்க்கையைத் தொடங்கியது குவார்ட்டர்பேக்காக. அவருக்குப் பக்கத்தில் வலது கார்டாக நின்றவர் மெக்காய் பெக்டன், அவரை முதலில் எடுத்த நியூயார்க் ஜெட்ஸில் டாக்கிளாக நொறுங்கிப்போன அதே பெக்டன். இடது டாக்கிள் ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர். 2018இல் ஏழாம் சுற்றில் 233ஆவதாக ஈகிள்ஸ் அவரை எடுத்தபோது, அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடியிருக்கவில்லை. உயரம் 6 அடி 8 அங்குலம் என்று தெரியும். ரக்பி பந்தோடு ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடும் வீடியோ இருந்தது. அவர் தோற்ற ஸ்நாப் ஒன்றைக்கூட எவரும் பார்த்திருக்க முடியாது, பார்ப்பதற்கு ஸ்நாப்பே இல்லை. முன்வரிசைப் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் அவருக்குக் குனிந்து நிற்கும் நிலையிலிருந்தே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.